ரோடு மட்டம்

மனை அளப்பதும், தரையின் ஏற்ற இறக்கம் பார்த்து லெவல் எடுப்பதும்தான் என் வேலை. பெரும்பாலும் தென்சென்னைதான்: மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம், பள்ளிக்கரணை. இந்தத் தெருக்களில் ஒரு வீடு எப்போது கட்டியது என்பதைப் பத்திரம் பார்க்காமலே ஓரளவு சொல்லிவிடலாம். ரோட்டிலிருந்து இரண்டு படி கீழே இறங்கி உள்ளே போனால் எண்பதுகளில் கட்டியது. ரோட்டோடு ரோடாக இருந்தால் அதற்குப் பிந்தியது. தூண் மேல் நின்று, அடியில் கார் நிறுத்தினால் அநேகமாக 2015 வெள்ளத்துக்குப் பிறகு வந்தது.

பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில் ரோடு ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. சுரண்டிவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலரே சொல்ல வேண்டியிருந்தது.

சிக்கல் என்னவென்றால், பிளானில் அந்த ரோட்டைத்தான் பூஜ்யமாக வைக்கிறோம். பேஸ்மட்டம், அதாவது வீட்டுத் தரை நிற்கும் உயரம், அதிலிருந்து மூன்றடி, நாலடி என்று குறிக்கிறோம். பூஜ்யமே ஏறினால் பேஸ்மட்டமும் ஏறத்தானே செய்யும்? தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு பிளானும் சரி. தெரு மொத்தத்துக்கும் மட்டம் குறித்த பிளான் ஒன்றுகூட என் கைக்கு வந்ததில்லை.

மடிப்பாக்கத்தில் ஒரு காலி மனை. மழைக்காலம் முழுக்கத் தண்ணீர் நின்று கோரை முளைத்துக் கிடந்த இடம். வாங்கியவர் லாரி லாரியாகக் கிராவல் கொட்டி மேடாக்கினார். உயரம் அளக்கும் ஸ்டாஃப் கோலை நிறுத்திப் பார்த்தால், பக்கத்து வீட்டுத் தரை மூன்றடிக்கு மேல் பள்ளத்தில் இருந்தது. காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம் நின்ற அம்மா, "தம்பி, இங்க நின்ன தண்ணி இனிமே எங்க போகும்?" என்றார். மனைக்காரர் முந்திக்கொண்டு, "ரோட்டுக்குப் போயிடும்மா" என்றார். ரோடும் அந்த அம்மா வீட்டுத் தரையைவிட உயரம். அடுத்த முறை அந்தப் பக்கம் போனபோது, ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்க எவ்வளவு ஆகும் என்று அந்த அம்மா விசாரித்துக்கொண்டிருந்தார். அவர் தூக்கிவிட்டால் அடுத்த வீடு பள்ளம்.

ஏரி ஆக்கிரமிப்பைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், பேச வேண்டியதுதான். கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் நாராயணபுரம் ஏரி, அங்கிருந்து பள்ளிக்கரணை சதுப்பு நிலம், அப்புறம் ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், முட்டுக்காட்டில் கடல். இவ்வளவு நீளப் பாதையில் சரிவு என்று சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. 2015 டிசம்பரில் தாம்பரத்தில் பெய்ததுபோல 24 மணி நேரத்தில் 49 செ.மீ. கொட்டினால் எந்த வடிகாலும் தாங்காது. ஆனால் சாதாரண ஐப்பசி மழைக்கே முழங்கால் தண்ணீர் நிற்கும் தெருக்களில், அந்தத் தண்ணீரைத் தாங்கிக்கொண்டிருந்தவை இந்த மாதிரி காலி மனைகள்தான். அவற்றை நிரப்புவதை யாரும் ஆக்கிரமிப்பு என்று சொல்வதில்லை, பட்டா நிலம்.

இப்போதெல்லாம் கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்பதையும் பிளானில் எழுதித் தருகிறேன். மேஸ்திரிகள் அதைப் பார்ப்பதே இல்லை, "ரோட்டிலேருந்து எவ்ளோ சார்?" என்றுதான் கேட்கிறார்கள். தெருமுனைக்கு உயரம் குறித்த, மாறாத ஒரு பெஞ்ச்மார்க் கல் நட்டு, வீடு கட்டுகிறவரும் ரோடு போடுகிற ஒப்பந்தக்காரரும் அதிலிருந்தே அளக்க வேண்டும் என்று விதி வைத்தால், மேஸ்திரியும் அதைத்தான் கேட்பார்.