இரண்டு வருடம் பிரீலோடைத் திருகினேன், கடைசியில் ஸ்பிரிங்கை மாற்றினேன்

எதிரில் வருகிறவர்கள் எல்லாம் விளக்கை அடித்து அடித்துக் காட்டிக்கொண்டே போனார்கள். நான் டிம்மில்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் மனைவி, இரண்டு பக்கமும் பெட்டி, மேலே ஒரு பை என்று பைக் நிறைந்திருந்த இரவுப் பயணம் அது. ஓரமாக நிறுத்தி, ஹெட்லைட்டின் திருகைக் கொஞ்சம் கீழே இறக்கிவிட்டு, பிரச்சினை தீர்ந்தது என்று கிளம்பிவிட்டேன். வண்டியின் பின்பக்கம் அமுங்கி மூக்கு மேலே தூக்கிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் வெளிச்சம் எதிரில் வருகிறவர் கண்ணில் போய் விழுகிறது என்பது அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

மற்ற அறிகுறிகளும் கூடவே இருந்தன. பள்ளத்தில் இறங்கினால் ஷாக், அதாவது பின்சக்கரத்தின் அதிர்ச்சியை வாங்கும் ஸ்பிரிங்கும் எண்ணெய்க் குழலும் சேர்ந்த அமைப்பு, அடிவரை போய் இடிக்கும். இடது வளைவில் சென்டர் ஸ்டாண்ட் தரையில் உரசும். கொண்டை ஊசி வளைவில் வண்டி நான் நினைத்த கோட்டில் திரும்பாமல் அகலமாகவே போகும். பின்பக்கம் தாழ்ந்தால் முன் ஃபோர்க் இன்னும் சாய்ந்து நிற்கும், திருப்புவதற்குக் கூடுதல் பலம் தேவைப்படும். இதற்கெல்லாம் நான் செய்தது ஒன்றே ஒன்றுதான். ஷாக்கின் ஸ்பிரிங்கை முன்கூட்டியே கொஞ்சம் அமுக்கி வைக்கும் பிரீலோட் குமிழை இன்னும் இரண்டு சுற்று திருகுவது. இரண்டு வருடம் அப்படியே ஓட்டினேன், குமிழ் கடைசிவரை போய் நின்றுவிட்டது.

இங்கேதான் பலரும் தவறுகிறோம், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பிரீலோடைக் கூட்டினால் ஸ்பிரிங் விறைப்பாகாது. ஒரு சுருள்வில்லை 1 மி.மீ. அமுக்க எவ்வளவு விசை வேண்டும் என்பது கம்பியின் தடிமன், சுருளின் அகலம், எத்தனை சுற்று என்பவற்றைப் பொறுத்தது. இதில் தடிமனுக்குத்தான் அதிகச் செல்வாக்கு, விறைப்பு அதன் நான்காம் அடுக்கில் ஏறும். மற்றதெல்லாம் அப்படியே இருக்க 12 மி.மீ. கம்பியை 12.75 ஆக்கினாலே விறைப்பு 27 விழுக்காடு கூடிவிடும். குமிழைத் திருகும்போது இவற்றில் எதுவும் மாறுவதில்லை. ஸ்பிரிங் உட்காரும் தட்டு கொஞ்சம் நகர்கிறது, வண்டி கொஞ்சம் உயர்கிறது, அவ்வளவுதான். ஏற்றும் ஒவ்வொரு கிலோவுக்கும் வண்டி முன்பு எவ்வளவு அமுங்கியதோ அவ்வளவுதான் இப்போதும் அமுங்கும்.

சரி, இது நம் வண்டிக்குப் பொருந்துகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரு அளவு டேப், ஒரு துணை ஆள் போதும். பின் அச்சுக்கு நேர் மேலே வால்பகுதியில் ஒரு இடத்தில் ஒட்டும் டேப்பால் குறி வைத்துக்கொண்டேன். சென்டர் ஸ்டாண்டில் சக்கரம் தொங்கும்போது அச்சிலிருந்து குறிவரை 600 மி.மீ. ஸ்டாண்டிலிருந்து இறக்கி, ஆள் ஏறாமல் வண்டி தன் எடையில் மட்டும் நிற்கும்போது 597. நாங்கள் இரண்டு பேரும் ஏறி, பெட்டிகளும் நிறைந்து, நண்பர் ஒருவர் முன்னால் வண்டியைப் பிடித்துக்கொள்ள, 530. அளக்கும் முன் இருக்கையை நாலைந்து தடவை அமுக்கி விட வேண்டும், இல்லாவிட்டால் சீல்களின் உராய்வு அளவை மாற்றிக் காட்டும்.

ஆக மொத்தம் 70 மி.மீ. இறக்கம். என் வண்டியின் பின்சக்கரம் மேலும் கீழும் போகக்கூடிய தூரம் 150 மி.மீ. நிற்கும்போதே கிட்டத்தட்ட பாதி தீர்ந்துவிட்டது! சாலையில் ஓட்ட மூன்றில் ஒரு பங்கு வாக்கில் இறங்குவதுதான் நல்லது. இதைவிட முக்கியமான எண் அந்த 3 மி.மீ.தான். ஆள் இல்லாத வண்டி வெறும் 3 மி.மீ.தான் இறங்குகிறது, ஆள் ஏறினால் 70 இறங்குகிறது என்றால், பிரீலோடை முழுக்க இறுக்கியும் தாங்காத அளவுக்கு ஸ்பிரிங் மென்மையானது என்று பொருள். பிரீலோடை இன்னும் இறுக்க வழி இருந்தாலும் உதவாது. வண்டி மேல் முட்டில் போய் ஒட்டிக்கொள்ளும், பள்ளம் வந்தால் சக்கரம் கீழே நீண்டு தரையைத் தொட இடமே இருக்காது.

ஸ்பிரிங் பழசாகித் தளர்ந்துவிட்டது என்றுதான் பலர் சொன்னார்கள். எஃகு ஸ்பிரிங் அவ்வளவு சீக்கிரம் தளராது. ஷாக்கில் முதலில் சோர்வது உள்ளே இருக்கும் எண்ணெய். என் ஸ்பிரிங் முதல் நாளிலிருந்தே என் சுமைக்குப் போதாததாகத்தான் இருந்திருக்கிறது.

எந்த அளவு ஸ்பிரிங் வாங்குவது என்பதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. என் ஷாக் 60 மி.மீ. அமுங்கினால் சக்கரம் 150 மி.மீ. நகர்கிறது, அதாவது 2.5 மடங்கு. ஸ்பிரிங்கின் விறைப்பை இந்த மடங்கின் இருமடியால், அதாவது 6.25-ஆல் வகுத்தால் சக்கரத்தில் உணரும் விறைப்பு வரும். பழைய ஸ்பிரிங் மி.மீ.க்கு 110 நியூட்டன், சக்கரத்தில் 17.6. நாங்கள் ஏறியதும் அது இறங்கிய 67 மி.மீ.ஐ இதனால் பெருக்கினால் சுமார் 1180 நியூட்டன், அதாவது 120 கிலோ பின்சக்கரத்தின் மேல் உட்காருகிறது. அதே சுமை 140 நியூட்டன் ஸ்பிரிங்கில் 52 அல்லது 53 மி.மீ.தான் இறக்கும். ஷாக்கை நெம்புகோல்கள் வழியாகச் சக்கரத்தோடு இணைக்கும் லிங்கேஜ் இருக்கும் வண்டிகளில் இந்த மடங்கு வழி நெடுக ஒரே மாதிரி இருக்காது, ஆனாலும் தேர்வு செய்ய இந்தக் கணக்கு போதும். இன்னும் விறைப்பானது வாங்கியிருக்கலாம், ஆனால் வாரநாட்களில் நான் தனியாகத்தான் ஓட்டுகிறேன், அப்போது முதுகுக்கு அடி விழும். அதனால் 140-லேயே நிறுத்திக்கொண்டேன். வாங்கும்போது விறைப்பை மட்டும் பார்க்காதீர்கள். உள்விட்டமும் அழுத்தாத நிலையில் நீளமும் பழையதோடு பொருந்த வேண்டும். அப்புறம், சுருள்கள் ஒன்றோடொன்று முட்டுவதற்கு முன்னால் ஷாக்கின் முழு நகர்வும் பிரீலோடும் சேர்ந்த அளவுக்கு இடம் இருக்க வேண்டும், எனக்கு அது கிட்டத்தட்ட 76 மி.மீ.

கழற்றும் வேலை பயப்படும்படி இல்லை. வண்டி சென்டர் ஸ்டாண்டில் நிற்கட்டும். அது இல்லாதவர்கள் ஃபிரேமுக்கு அடியில் ஜாக்கி கொடுங்கள், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்முக்கு அடியில் கொடுத்தால் ஷாக் வெளியே வராது. பெட்டிகள், பக்கத் தகடுகள், இருக்கை எல்லாம் போனபிறகு பின் டயருக்கு அடியில் ஒரு மரத்துண்டை வைத்து, சக்கரத்தை மில்லிமீட்டர் கணக்கில் ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். சரியான உயரம் வந்ததும் கீழ் போல்ட் விரலால் இழுத்தாலே வந்துவிடும். அந்த உயரம் கிடைக்காமல் சுத்தியலால் தட்டினால் மரைதான் கெடும். பிரீலோட் குமிழின் எண்ணெய்க் குழாயைக் கழற்றவே கூடாது, குமிழை அதன் தாங்கியிலிருந்து எடுத்து ஷாக்கோடு சேர்த்தே வெளியே கொண்டுவர வேண்டும். லிங்கேஜைத் திறந்தபோது ஊசி பேரிங்குகள் காய்ந்து, இரண்டில் துரு பிடிக்கத் தொடங்கியிருந்தது. துடைத்து, கிரீஸ் நிறைய வைத்து மூடினேன். ஸ்பிரிங் மாற்றும் எண்ணமே இல்லாதவர்களும் இதையாவது செய்துவிடுங்கள்.

ஸ்பிரிங்கை ஷாக்கிலிருந்து பிரிக்கும் ஒரு வேலையை மட்டும் நான் செய்யவில்லை. பிரீலோட் முழுக்க இறுகியிருந்தபோது அந்த ஸ்பிரிங் 21 மி.மீ. அமுங்கி நின்றது, அதாவது சுமார் 2300 நியூட்டன், 235 கிலோ எடைக்குச் சமம். குமிழை முழுக்கத் தளர்த்திய பிறகும் 120 கிலோவுக்குக் குறையாமல் மிச்சம் இருக்கிறது. கார் ஷாக்குகளுக்கான கொக்கி வகைக் கம்ப்ரஸர், அதாவது ஸ்பிரிங்கை அமுக்கும் கருவி, இந்தக் குட்டிச் சுருளில் சரியாகப் பிடிக்காது, நழுவினால் ஸ்பிரிங் எங்கே பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் ஸ்பிரிங்கை அமுக்கும் பிரஸ் இயந்திரம் வைத்திருக்கும் ஒருவரிடம் கொடுத்தேன். அவர் ஸ்பிரிங்குக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று அமுக்கினார், கீழே இருந்த பிளவுபட்ட தட்டை உருவினார், பழையது வெளியே வந்தது, புதியது ஏறியது. பத்து நிமிட வேலை. தட்டுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் வளையம் திரும்பப் போட்டாகிவிட்டதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் அமுங்கும்போது லேசாகச் சுழலும், அதற்காகத்தான் அந்த வளையம்.

மாட்டும்போது கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கினேன், பூட்டும் நட்டுகள் எல்லாம் புதியவை. செயின் தொய்வையும் மறுபடி பார்த்தேன், வண்டியின் உயரம் மாறினால் அதுவும் மாறும். பிறகு மறுபடியும் டேப். இப்போது தன் எடையில் 5 மி.மீ., முழுச் சுமையில் 57. மூன்றில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் அதிகம்தான், ஆனால் முன்னே இருந்த 70-க்கு இது எவ்வளவோ மேல். தனியாகப் போகும்போது பிரீலோடை ஐந்தாறு மி.மீ. தளர்த்தினால் ஆளோடு 38 வருகிறது.

முதல் இரவில் வெளிச்சம் முன் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே விழுந்தது! இரண்டு வருடத்துக்கு முன் நான் இறக்கிவைத்த அந்தத் திருகு. சுவருக்கு எதிரே நிறுத்தி, மனைவியையும் ஏற்றிக்கொண்டு, அதைப் பழைய இடத்துக்கு உயர்த்தினேன். அடுத்த பயணத்தில் யாரும் விளக்கடிக்கவில்லை. வளைவுகளில் ஸ்டாண்ட் உரசவில்லை. "இன்னைக்கு ரோடு நல்லா இருக்கே" என்றாள் மனைவி, அது நாங்கள் எப்போதும் போகும் அதே ரோடு.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. விறைப்பான ஸ்பிரிங் திரும்பும்போதும் அதே வேகத்தில் உதைக்கும், அதை அடக்குவது ரீபவுண்ட், அதாவது ஷாக் திரும்பி நீளும் வேகத்தைக் குறைக்கும் அமைப்பு. மாற்றியதும் வேகத்தடை தாண்டினால் பின்பக்கம் ஒரு தடவை கூடுதலாகத் துள்ளியது. முழுக்க மூடிய நிலையிலிருந்து 12 கிளிக் திறந்து வைத்திருந்த ரீபவுண்ட் திருகை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்து 4-ல் நிறுத்தியபோதுதான் அடங்கியது. இனி இறுக்க அதிக இடமில்லை, எண்ணெயும் பழசு. அடுத்து ஷாக்கைத் திறந்து எண்ணெய் மாற்றும்போது உள்ளே எண்ணெயின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் மெல்லிய ஷிம் தகடுகளையும் இந்த ஸ்பிரிங்குக்கு ஏற்றபடி மாற்றச் சொல்லப் போகிறேன். அதுவரை சுமையோடு போனால் 4, தனியாகப் போனால் 7.