ரேரா, ஸ்கேர்ஸா?
நேற்று தம்பி மகள் கேட்டாள்: "பெரியப்பா, ரேருக்கும் ஸ்கேர்ஸுக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டுமே அரிதுதானே?"

ரத்த வங்கியை வைத்துச் சொன்னேன். ஓ பாசிட்டிவ் ஊரெல்லாம் உண்டு. வங்கியில் தீர்ந்துபோனால் அது ஸ்கேர்ஸ். நாளைக்கே நாலு பேர் கொடுத்தால் சரியாகிவிடும். 1952-ல் வெளியுலகுக்குத் தெரியவந்த பாம்பே ரத்த வகை இருக்கிறதே, அது ரேர். அந்த வகை உள்ளவர்களே எப்போதும் கொஞ்சம்தான்.

ரேர் லத்தீனிலிருந்து வந்த சொல். அங்கே 'நெருக்கமில்லாத, இடைவிட்ட' என்று பொருள். மலை உச்சியின் மெலிந்த காற்றை ரேரிஃபைடு என்பது அதனால்தான். ஆனால் அரைவேக்காட்டு ஸ்டேக்கை, அதாவது இறைச்சித் துண்டைக் குறிக்கும் ரேர் வேறு குடும்பம். பழைய ஆங்கிலத்தில் அரைவேக்காட்டு முட்டைக்குச் சொன்ன சொல்லின் வாரிசு.

ரேர் எர்த் என்று பேர் வைத்த உலோகங்களின் கதை இன்னும் வேடிக்கை. அதில் ஒன்றான சீரியம் பூமியின் மேலோட்டில் கிட்டத்தட்ட செம்பு அளவுக்குக் கிடக்கிறது. பேர்தான் ரேர்!

நம்ம 'அருமை'யும் 'அரிது'ம் ஒரே வேர்தான். இப்போ எவர் செல்ஃபி போட்டாலும் கீழே 'அருமை' போடுகிறோம். நானுந்தான். இன்று காலையிலிருந்து ஆறு போட்டாச்சு.