ரைட்டிங் 5.5 இலிருந்து 6.5: மூன்று கொப்பியும் ஒரு பஸ்ஸும்

நேற்றுப் பின்னேரம் ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலப் பரீட்சையின் பெறுபேறு வந்தது. ரைட்டிங் 6.5. எனக்குத் தேவைப்பட்டதும் அவ்வளவுதான், அரைப் புள்ளிகூட மிச்சமில்லை. ரீடிங், லிஸனிங் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அவை முதல் தடவையே சரியாகத்தான் இருந்தன.

அந்த முதல் தடவை ரைட்டிங் 5.5. வெள்ளவத்தையில் ஒரு வகுப்பில் தந்த சொற்பட்டியலை மூன்று மாதமாக, நாளுக்கு இருபது என்று பாடமாக்கியிருந்தேன். கட்டுரையில் ‘பிளெத்தோரா’வை மூன்று இடத்தில் போட்டேன், எல்லாம் நன்மைகளைப் புகழ்வதற்கு. அளவுக்கு மிஞ்சிக் கிடப்பதைத்தான் அது குறிக்கும் என்பது பிறகுதான் விளங்கியது.

பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பேப்பருக்கு வந்தேன். காலையில் வீரகேசரியில் செய்தியைத் தமிழில் படிப்பேன். அப்புறம் 101 பஸ்ஸில், அதே விஷயத்தைப் பற்றி டெய்லி மிரர், டெய்லி எஃப்டி போன்ற ஆங்கிலப் பேப்பரில் வந்த கருத்துக் கட்டுரையை ஃபோனில் திறப்பேன். விஷயம் முன்பே தெரிந்திருப்பதால் அகராதி பெரிதாகத் தேவைப்படாது. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்தியதை, பெட்ரோல் வரிசையில் நின்ற நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அந்தக் கடன் மறுசீரமைப்புக் கட்டுரைகளில் ‘ஹெயார்கட்’ என்று வரும். முதலில் சலூன்தான் ஞாபகம் வந்தது. கடன் தந்தவர் தன் காசில் ஒரு பகுதியை விட்டுக்கொடுப்பது என்று இரண்டாவது பந்தியிலேயே பிடிபட்டது.

ஆனால் என்னைக் காப்பாற்றியது இதுவல்ல. தனிச் சொல்லைக் கொப்பியில் எழுதாதீர்கள். திரும்பவும் சொல்கிறேன், எழுதவே எழுதாதீர்கள். ‘லெவி’ என்று எழுதிப் பயனில்லை, ‘லெவி அ டாக்ஸ் ஒன்’ (ஒன்றின் மேல் வரி விதிப்பது) என்று எழுத வேண்டும். ‘பிரன்ட்’ அல்ல, ‘பெயார் த பிரன்ட் ஒஃப்’ (ஒரு பாதிப்பின் பெரும்பங்கைத் தாங்குவது). தமிழில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. ஆங்கிலத்தில் அந்த ‘ஒன்’னும் ‘ஒஃப்’பும் தனியாக நிற்பதால் நம் கண்ணுக்குத் தப்பிவிடுகின்றன. என் 5.5க்கு முக்கால்வாசிக் காரணம் அந்தச் சின்னச் சொற்கள்தான் என்று நினைக்கிறேன்.

மற்றபடி:

- நாளுக்கு ஒரு கட்டுரை, ஐந்து தொடர். கூட வேண்டாம்.
- இரவில் பேப்பரைப் பார்க்காமல், கட்டுரையாளரின் வாதத்தை நூறு சொல்லில் எழுதுங்கள். பிறகு அவரோடு சண்டை பிடித்து நூறு சொல். ரைட்டிங்கில் கட்டுரை எழுதும் பகுதியான டாஸ்க் 2 கேட்பதும் இதைத்தானே.
- ஆசிரியர் தலையங்கம் இப்போதைக்கு வேண்டாம். அதில் நக்கலும் சிலேடையும் அதிகம்.
- ‘த பவர்ஸ் தட் பீ’ (அதிகாரத்தில் இருப்பவர்கள்) போன்ற பத்திகாரர் பாஷையைப் பரீட்சைக்குக் கொண்டுபோகாதீர்கள். ‘ஹர்த்தால்’ நமக்குச் சாதாரணச் சொல், திருத்துபவருக்கு அப்படி இருக்காது.

சிநேகிதிகள் கூடிப் படித்தார்கள். எனக்குச் சரிவராது, பேச்சுத்தான் நடக்கும். ஞாயிறுகளில் கொழும்பு பொது நூலகத்தில் ஒரு மூலைக் கதிரை போதுமாக இருந்தது.

ஒன்று மறைக்கக் கூடாது. ஸ்பீக்கிங்குக்கு இந்த வழி கைகொடுக்கவில்லை. காலைச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார்கள். நேரமில்லாத நாளில் இடியப்பம்தான் ‘பெயார்ஸ் த பிரன்ட்’ என்றேன். போன தடவை 7, இந்தத் தடவை 6.5.