ஜப்பானிய மீட்டரில் ஆங்கிலம்: மொழி பைட்டைத் தேடிப் பிடித்த குறிப்புகள்

இலங்கையின் ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் ஓடும், ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் ஹைபிரிட்களில் ஸ்டியரிங் ஜப்பானிலும் இங்கும் வலப்பக்கம்தான். ஒத்துவராதது மீட்டர் திரையின் எழுத்து மட்டும். கினிகத்தேனை ஏற்றத்தில் மஞ்சள் விளக்கோடு ஒரு வரி வந்தால், அது பெற்றோல் அடிக்கச் சொல்கிறதா ('கியூயு'), வாகனத்தைப் பரிசோதிக்கச் சொல்கிறதா ('தென்கென்') என்று சாரதிக்கு அந்த நிமிடமே தெரியவேண்டும். அந்தத் திரையை ஆங்கிலத்துக்கு மாற்றப் பார்த்த அனுபவம் இது.

மீட்டரைக் கழற்றுவதற்கு முன் செட்டிங் மெனுவின் கடைசிப் பக்கம் வரை பாருங்கள். சில மாடல்களில் மொழித் தெரிவு அங்கேயே இருக்கும். ஸ்டார்ட் பண்ணியதும் ஜப்பானிய மொழியில் பேசும் பெண் குரல் வேறு சங்கதி. அது பெரும்பாலும் ஜப்பான் கட்டணச் சாலைகளுக்கான இடிசி பெட்டி. அட்டை செருகவில்லை என்று சொல்கிறது. அதன் பிளக்கைக் கழற்றினால் போதும்.

மீட்டர் போர்ட்டில் எட்டுக் கால் ஈப்ராம் சிப் (மின்சாரம் போனாலும் அழியாத சின்ன நினைவகம்) ஒன்று இருக்கும். நாம் பார்த்ததில் 93சி66, மொத்தமே 512 பைட். எழுத்துருக்கள் அதில் இல்லை, மீட்டரை இயக்கும் பெரிய சிப்பான மைக்ரோவின் உள்ளே இருக்கின்றன. மொழியைப் பொறுத்தவரை, எதைக் காட்டுவது என்ற ஒரு எண் மட்டுமே ஈப்ராமில் இருக்கும்; அதுதான் மொழி பைட். ஆகவே மைக்ரோவில் ஆங்கிலம் வைத்தே தயாரித்திருந்தால்தான் இந்த வேலை பலிக்கும். தமிழோ சிங்களமோ இந்த வழியில் வராது.

கழற்றுவது எளிது. பற்றரியின் நெகட்டிவ் முனையை 10 எம்எம் ஸ்பேனரால் கழற்றுங்கள். பல ஹைபிரிட்களில் 12 வோல்ட் பற்றரி பின்பக்கம் இருக்கும். எயார்பேக் சுற்று அடங்க 90 விநாடிக்குக் குறையாமல் பொறுங்கள். ஆரஞ்சு நிற உயர் மின்னழுத்த வயர் பக்கமே போகவேண்டாம். ஸ்டியரிங்கைத் தாழ்த்தி, பிளாஸ்டிக் நெம்பியால் பெசலை (மீட்டரைச் சுற்றியுள்ள சட்டத்தை) எடுத்தால் மீட்டரின் ஸ்குருக்கள் தெரியும். முள் உள்ள மீட்டரானால் முள்ளைப் பிடுங்காமல் பின்பக்கமாகவே வேலை செய்யுங்கள். பிடுங்கினால் மறுபடி சரியான இடத்தில் நிறுத்துவது பெரும்பாடு. நுவரெலியா குளிரில் நின்ற வாகனத்தின் மீட்டரைச் சூடான அறைக்குள் கொண்டுவந்ததும் போர்ட்டில் பனித்துளி படியும். ஒரு மணி நேரம் அப்படியே வைத்துவிட்டுத் திறங்கள்.

முதல் முயற்சியில் சிப்பைக் கழற்றாமல் அதன் கால்களில் கிளிப் மாட்டிப் படித்தோம். மூன்று தடவை படித்ததில் மூன்று வேறு கோப்புகள் வந்தன. கிளிப் வழியாகப் போகும் மின்சாரம் மைக்ரோவையும் எழுப்பிவிடுகிறது, அதுவும் அதே கோடுகளில் பேசத் தொடங்குகிறது. 8ஆம் காலை மட்டும் தூக்கிப் பார்த்தோம், அதுவும் சரிவரவில்லை. மைக்ரோவின் பாதுகாப்பு டயோடுகள் வழியே சிக்னல் கசிகிறது. சிப்பை முழுதாக எடுப்பதே நேர்வழி. சுற்றிலும் சூடு தாங்கும் காப்டன் டேப் ஒட்டி, சோல்டர் இளக உதவும் ஃப்ளக்ஸ் தடவி, சுடுகாற்றுக் கருவியில் 350 பாகை, குறைந்த காற்று. அதே இடத்தில் குட்டையான வயர்களில் ஒரு சாக்கெட்டைச் சோல்டர் பண்ணிவிட்டால், ஒவ்வொரு சோதனைக்கும் சிப்பைச் சூடாக்க வேண்டியதில்லை.

படிக்க டிஎல்866 வகை புரோகிராமர் (சிப்பைப் படித்து எழுதும் கருவி) எடுத்தோம். இங்கே இரண்டு பொறிகள் உண்டு. ஒரு தடவைக்குப் படிப்பது 8 பிட்டா 16 பிட்டா என்பதை 6ஆம் கால் தீர்மானிக்கிறது. 16 பிட் கோப்பில் பைட்டுகள் சோடி சோடியாக இடம் மாறி, 12 34 என்பது 34 12 என்று தெரியலாம். எந்த முறையில் படித்தீர்களோ அதே முறையில்தான் எழுதவேண்டும். அடுத்தது, ரோம் நிறுவனத்தின் சில 93 வரிசைச் சிப்களில் கால் வரிசையே சுழன்றிருக்கும். போர்ட்டில் எந்தக் கால் கிரவுண்ட் என்று மல்டிமீட்டரால் பார்த்துவிட்டே சாக்கெட்டில் வையுங்கள். கோப்பு முழுக்க எஃப்எஃப் (எல்லாப் பிட்டும் 1) என்று வந்தால் தொடுப்புச் சரியில்லை அல்லது கால் மாறிவிட்டது. மூன்று கோப்புகள் ஒன்றுக்கொன்று அச்சாகப் பொருந்தும் வரை அடுத்த அடி வைக்காதீர்கள். மூலக் கோப்பின் பிரதியை இரண்டு இடத்தில் வையுங்கள்.

மொழி பைட் எந்த முகவரியில் இருக்கிறது என்று இங்கே எழுதவில்லை; பாகம் எண் மாறினால் முகவரியும் மாறும். தேடும் முறையைச் சொல்கிறோம். டொயோட்டா மீட்டரின் பாகம் எண் 83800 என்று தொடங்கும். அதே மாடலின் ஆங்கில மீட்டர் ஒன்றை இரவலாக எடுத்து அதன் கோப்பையும் படியுங்கள். இரண்டையும் ஹெக்ஸ் எடிட்டரில் (பைட்டுகளை எண்களாகக் காட்டும் மென்பொருளில்) ஒப்பிட்டால் வித்தியாசம் ஏராளமாக வரும், பயப்படவேண்டாம். நமது மீட்டரைக் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மறுபடி படியுங்கள். இரண்டு ரீடிங்குக்கு இடையில் மாறிய பைட்டுகள் கிலோமீட்டரும் சராசரிக் கணக்கும்; அவற்றைப் பட்டியலிலிருந்து வெட்டுங்கள். மிஞ்சியதில் 00, 01, 02 போன்ற சின்ன எண்களைப் பாருங்கள். நல்ல தடயம் எதிர்ச்சோடி: ஜப்பானியக் கோப்பில் 00 எஃப்எஃப், ஆங்கிலக் கோப்பில் 01 எஃப்ஈ. மதிப்பையும் அதன் தலைகீழையும் (ஒவ்வொரு பிட்டிலும் 0ஐ 1ஆக, 1ஐ 0ஆகத் திருப்பியதையும்) பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தன் நினைவகத்தை மைக்ரோ சரிபார்க்கிறது. ஒரு பாதியை மட்டும் மாற்றினால் அடுத்த ஸ்டார்ட்டில் பழையபடி ஜப்பானியமே வரும். நமது முதல் எழுத்து தோற்றது இதனால்தான். சில மீட்டர்களில் இதற்குப் பதிலாகப் பகுதி முழுவதன் கூட்டுத்தொகை ஒரு பைட்டில் இருக்கும். அங்கே மொழி எண் ஒன்று கூடினால் கூட்டுத்தொகையும் ஒன்று கூடவேண்டும்.

ஆங்கில மீட்டரின் கோப்பை அப்படியே கொட்டி எழுதுவது குறுக்குவழி போலத் தெரியும், ஆனால் அதைச் செய்யவே கூடாது. அந்த வாகனத்தின் கிலோமீட்டர் உங்கள் மீட்டரில் ஏறிவிடும். நாளைக்கு வாங்குகிறவரை ஏமாற்றுவதாக முடியும். கழற்றுவதற்கு முன் கிலோமீட்டரைப் படம் எடுத்து, முடிந்தபின் ஒப்பிடுங்கள்.

சோதனையை மேசையிலேயே செய்யலாம். 12 வோல்ட், 1 அம்பியர் கட்டுப்பாட்டுள்ள சப்ளை. வயரிங் படத்தைப் பார்த்து பற்றரி, ஐஜி (சாவி போட்டால் வரும் மின்சாரம்), கிரவுண்ட் மூன்றையும் கொடுத்தால் திரை எழும்பும். ஒரு தடவைக்கு ஒரு சோடி மட்டும் மாற்றி, எழுதி, சரிபார்த்து, திரையைப் பாருங்கள். மழைக்காலத்தில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்லமுடியாது, ஆகவே எழுதும்போது லேப்டாப் பற்றரியில் ஓடட்டும். பாதி எழுதிய சிப்பானாலும் மூலக் கோப்பு கையில் இருந்தால் மீட்கலாம்.

இன்னொரு மீட்டரில் சோடி சரியாகப் பிடிபட்டும் திரை வெறுமையாகவே இருந்தது. ஆங்கில எழுத்துரு இல்லாத மைக்ரோ அது. மூலக் கோப்பைத் திரும்ப எழுதி, எச்சரிக்கை வரிகளைப் படம் பிடித்துப் பக்கத்தில் தமிழ்ப் பொருள் எழுதி கண்ணாடி மடிப்பில் ஒட்டிக் கொடுத்தோம்.

பலித்த மீட்டரில் சாக்கெட்டை எடுத்துச் சிப்பை நேராகச் சோல்டர் பண்ணி, ஐசோபுரோப்பைல் அல்ககோலால் கழுவிக் காயவைத்துப் பூட்டினோம். மலைப்பாதைக் குலுக்கலில் சாக்கெட் நிலைக்காது. மீட்டர் கழன்றிருந்தபோது சாவி போட்டிருந்தால் யூ0155 (மீட்டரோடு தொடர்பு இல்லை) என்ற பிழைக் கோட் பதிவாகியிருக்கும், ஸ்கேனரால் அழியுங்கள். எரிபொருள் கணக்கு 100 கி.மீ.க்கு எத்தனை லீட்டர் என்று மாறியிருந்தால் அலகை மெனுவில் திருப்பலாம்; அதுவரை 100ஐ அந்த எண்ணால் வகுத்தால் நமக்குப் பழகிய கணக்கு வரும். 5 என்று காட்டினால் லீட்டருக்கு 20 கி.மீ.