ஓஜிக்கு ஆங்கிலம் கேட்காது

நைஜீரியாவின் லாகோஸுக்கு வந்து நான்கு மாதம் ஆகியிருந்தபோது எங்கள் வீட்டுக்காரரின் கூடத்தில் எனக்கு ஒரு தலைகுனிவு நேர்ந்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் மென்று தின்னும் கோலா கொட்டையை ஏற்றுமதி செய்யும் நிறுவனமொன்றில் கணக்கும் சரக்கும் பார்ப்பவன் என்கிற மிதப்பில், கிடங்கில் தரம் பிரிக்கும் பெண்களிடம் சொல்லிப் பொறுக்கி எடுத்த பெரிய வெள்ளைக் கொட்டைகளைக் கூடை நிறைய வாங்கிக்கொண்டு, மனைவியோடு புத்தாண்டு வாழ்த்துச் சொல்லப் போயிருந்தேன். இக்போ இனத்தவரான அந்தப் பெரியவருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கூடையை இரு கைகளாலும் வாங்கி, ஒரு கொட்டையைப் பிளந்து பார்த்துவிட்டு, "இது கோரோ, வடக்கே இருப்பவர்கள் மெல்லுவது" என்று சிரித்தபடி அதைச் சுவரோரம் வைத்துவிட்டார். பிறகு உள்ளேயிருந்து மரத்தட்டில் நாலைந்து சிறிய கொட்டைகள் வந்தன. நிச்சயதார்த்தத் தட்டில் வெற்றிலை என்று நினைத்துப் பூவரச இலையை அடுக்கிக்கொண்டு போனவனைப் போல நின்றேன்.

நான் டன் கணக்கில் எழுதி அனுப்பும் கொட்டை இரண்டே பருப்பாகப் பிளப்பது. அது கோலா நிட்டிடா, பெரியவர் சொன்ன கோரோ. இக்போக்கள் சடங்குக்கு உகந்ததாகக் கருதும் ஓஜியோ கோலா அக்குமினாட்டா என்னும் வேறொரு மரத்தின் கொட்டை. மூன்று முதல் ஆறு பருப்புகள் வரை பிரியும். நான்காகப் பிரிந்தால் ஏகே, ஓரியே, அஃபோ, இன்க்வோ என்னும் அவர்களுடைய நான்கு சந்தை நாட்களுக்கும் அது பொருந்திவிடுகிறது என்று முகம் மலர்கிறார்கள். நைஜீரியாவின் இன்னொரு பெரிய இனத்தவரான யோருபாக்களும், ஓபி என்று அவர்கள் அழைக்கும் கோலாவைப் போட்டுக் குறி பார்க்க நான்கு பருப்புள்ள கொட்டையைத்தான் தேடுகிறார்கள். எங்கள் கிடங்கில் முதல் தரமாக விலைபோவதற்கு அந்தக் கூடத்தில் கடைசி இடம்கூடக் கிடைக்கவில்லை.

தட்டு கூடத்தைச் சுற்றிப் போய்த் திரும்பவும் வீட்டுக்காரரிடமே வந்து சேர்ந்தது. மரியாதை தெரிந்தவனாகக் காட்டிக்கொள்ள எண்ணி நான் ஆங்கிலத்தில் நன்றி சொல்லத் தொடங்கியபோது, அவர் கையை உயர்த்தி, "ஓஜிக்கு ஆங்கிலம் கேட்காது" என்றார். அது அவர்களிடையே வழங்கும் பழமொழி என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அவர் இக்போ மொழியில் நெடுநேரம் வேண்டிக்கொள்ள, சுற்றியிருந்தவர்கள் வரிக்கு வரி 'இசே', அதாவது 'அப்படியே ஆகட்டும்' என்றார்கள். வேண்டுதல் முடிந்ததும் இருந்தவர்களில் இளையவன் கொட்டையை உடைத்தான். வாயில் போட்டால் கடுங்கசப்பு. ஆனால் அதன் மேல் தண்ணீர் குடித்தால் தண்ணீர் இனிக்கிறது. நெல்லிக்காய் தின்று வளர்ந்த எனக்கு அந்த ஒன்று மட்டும் அன்னியமாகத் தோன்றவில்லை.

என் மனைவிக்கு வந்த கோபம் வேறு. அந்தத் தட்டு அவளைத் தாண்டிப் போய்விட்டது. இக்போ வழக்கத்தில் பெண்கள் கோலாவை உடைப்பதில்லை. ஆண்கள் இருக்கும் சபையில் தட்டையும் அவர்கள் முன் நீட்டுவதில்லை. அவளுக்கு ஒரு துண்டு வராமல் இல்லை, ஆனால் அது என் கை வழியாக வந்தது. "கொலுவுக்கு வந்த பொம்பளையை வெற்றிலை பாக்கு கொடுக்காமல் அனுப்பினால் எங்கள் ஊரில் மூன்று தலைமுறைக்குப் பேசுவார்கள்" என்று படியிறங்கும்போதே ஆரம்பித்தவள், இன்றுவரை முடிக்கவில்லை. நவராத்திரி வரும்போதெல்லாம் அந்தக் கணக்கு வட்டியோடு திறக்கப்படுகிறது.

தொழிலுக்குள் எனக்குத் தடுமாற்றமில்லை. உலகில் அதிகமாகக் கோலா விளைவது நைஜீரியாவில்தான் என்றாலும், அதில் பெரும்பகுதி மேற்கு ஆப்பிரிக்காவிலேயே மெல்லப்பட்டுத் தீர்ந்துவிடுகிறது. தென்மேற்கே ஷாகமு பக்கத்துச் சந்தைகளில் பெண்கள் கொட்டைகளை ஊறவைத்து வெண்தோலை உரித்துக் கழுவுவதையும், இலை பரப்பிய கூடைகளில் அடுக்குவதையும் பார்த்துக்கொண்டே நிற்கலாம். வடக்கத்திய இனத்தவரான ஹௌசா வியாபாரிகளின் லாரிகள் அவற்றை ஈரம் காயாமல் வடக்கே கானோ நகரத்துக்கு ஏற்றிச் செல்கின்றன. மது விலக்கான அந்த வட்டாரத்தில் களைப்புக்கும் பேச்சுத் துணைக்கும் இதுதான். திருமணம் முடிவானால் கோரோவையும் மிட்டாயையும் வீடு வீடாகக் கொடுப்பதே அழைப்பு. பாக்கு வைத்து அழைக்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கடல் தாண்டிப் போவதற்கு இந்த மரியாதை எதுவும் கிடையாது. நறுக்கி, வெயிலில் உலர்த்தி, சாக்கில் கட்டிய சருகாகத்தான் அது போகிறது. வாங்குபவர்கள் அதிலுள்ள கஃபீனையும் ஈரப்பதத்தையும் மட்டுமே கேட்கிறார்கள். 1886இல் அட்லாண்டாவில் பிறந்த கோக்க கோலாவின் பெயரில் பாதி இந்தக் கொட்டைதான் என்று சொன்னால் எங்கள் கிடங்குப் பெண்கள் நம்புவதில்லை. ஏற்றுமதிக்கான என்எக்ஸ்பி படிவம், பயிர் நோய்த் தடுப்புச் சான்றிதழ் எல்லாம் சரியாக இருந்தும் ஒருமுறை எங்கள் லாரி துறைமுகச் சாலை வரிசையில் பன்னிரண்டு நாள் நின்றது. மழை ஈரத்தில் பூஞ்சை பிடித்த சாக்குகளைப் பிரித்தபோது எழுந்த வாடை, சித்திரை மழையில் நனைந்த எங்கள் வீட்டுக் களிப்பாக்கின் வாடையேதான். கணக்கு நோட்டை மூடிவிட்டு, கும்பகோணத்துத் திண்ணையில் வெற்றிலையின் பின்புறம் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த தாத்தாவின் கட்டைவிரலை நினைத்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எட்டு ஆண்டுகளில் பழகிவிட்டது என்று ஊருக்குத் தொலைபேசியில் சொல்வது வழக்கம்.

அந்தப் புத்தாண்டு நாளில் விடைபெறும்போது பெரியவர் ஒரு முழுக் கொட்டையை என் கையில் வைத்து, "வீட்டுக்குப் போனதும் ஓஜி தான் எங்கிருந்து வந்தது என்று சொல்லும்" என்றார். விருந்தாளிக்கு அப்படிக் கொடுத்தனுப்புவது முறையாம். கோபம் ஆறாத நிலையிலும் மனைவி அதை வாங்கிப் பூஜைத் தட்டில், சென்னையிலிருந்து கொண்டுவந்த கொட்டைப்பாக்குக்குப் பக்கத்தில் வைத்தாள். வெற்றிலைதான் இல்லை. மூன்று வாரம் கழித்து விளக்கேற்றப் போனவள் என்னைக் கூப்பிட்டாள். ஓஜியில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை. தட்டில் மாவு போல மஞ்சள் தூள். அதன் நடுவே, நான் சாக்குச் சாக்காகச் சரக்கைத் திருப்பியனுப்பக் காரணமான அந்தக் கூன்வண்டு, கொட்டைப்பாக்கை நோக்கி நிதானமாக நடந்துகொண்டிருந்தது.