தம்பிக்குப் போன செல்கள்

மார்ச் 4

ஹெச்.எல்.ஏ. பரிசோதனை முடிவு வந்துவிட்டது. ஒருவர் செல் இன்னொருவருக்குப் பொருந்துமா என்று காட்டும், செல் மேலுள்ள அடையாளங்கள் அவை. தம்பிக்கும் எனக்கும் பத்துக்குப் பத்து. தங்கைக்குப் பாதிதான் பொருந்துகிறது. இந்த அடையாளங்களுக்கான மரபணுத் தொகுப்பு ஆறாவது குரோமோசோமில் அப்பா வழி ஒன்று, அம்மா வழி ஒன்று. இரண்டுமே ஒன்றாக அமையும் வாய்ப்பு கூடப்பிறந்த ஒவ்வொருவருக்கும் நாலில் ஒன்று.

தம்பிக்கு வந்திருப்பது ஏ.எம்.எல்., வேகமாக வளரும் ஒரு வகை ரத்தப் புற்றுநோய் (லுக்கேமியா). முதல் கீமோவிலேயே அடங்கிவிட்டது. ஆனால் அந்தச் செல்களில் இருக்கும் மரபணு மாற்றம் திரும்பி வரும் ரகம். அடங்கியிருக்கும்போதே ஸ்டெம் செல் மாற்று (ரத்தத்தை உருவாக்கும் மூலச் செல்களை மாற்றிவைப்பது) செய்துவிட வேண்டும் என்கிறார் டாக்டர். நோயாளியின் செல்லையே எடுத்துவைத்துத் திருப்பிக் கொடுக்கும் முறை மைலோமா, சில லிம்போமா போன்ற வேறு ரத்தப் புற்றுகளுக்கு உதவும். இவனுக்கு அது போதாது. கீமோவுக்குத் தப்பி ஒளிந்திருக்கும் புற்றுசெல்லை இனம்கண்டு அழிக்க இன்னொருவருடைய எதிர்ப்பு சக்தி வேண்டுமாம். அதாவது என்னுடையது.

மார்ச் 13

கொடையாளருக்கான சம்மதப் பேச்சு. தம்பியைப் பார்க்கும் டாக்டர் இல்லை, வேறொருவர். வீட்டார் யாரையும் உள்ளே விடவில்லை. "யாராவது வற்புறுத்தினார்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "வேண்டாம் என்றால் இப்போதே சொல்லலாம், காரணத்தை யாரிடமும் சொல்லமாட்டோம். அவருக்கு மருந்து ஏற ஆரம்பித்த பிறகு நீங்கள் பின்வாங்கினால் அவர் பிழைப்பது கஷ்டம்" என்றார். இப்படி முகத்துக்கு நேராகச் சொன்னதற்கு அவருக்கு நன்றி. கையெழுத்துப் போட்டேன்.

பிள்ளை பெற்ற பெண்ணின் செல்களை ஆணுக்குக் கொடுத்தால், அந்தச் செல்கள் அவர் உடம்பையே தாக்கும் ஆபத்து கொஞ்சம் கூடுதல் என்பதையும் சொன்னார். ஆனாலும் முழுதாகப் பொருந்திய அக்கா இருக்கும்போது வேறு ஆள் தேட வேண்டியதில்லையாம்.

மார்ச் 20

ஜி-சி.எஸ்.எஃப். ஊசி தினமும் போடுகிறார்கள். மஜ்ஜைக்குள் இருக்கும் ஸ்டெம் செல்களைக் கிளப்பி ரத்தத்துக்கு வரவைக்கும் மருந்து. இடுப்பெலும்பும் நெஞ்செலும்பும் விண்விண் என்று தெறிக்கின்றன. பாராசிட்டமால் போட்டால் தாங்கும். அதே நேரத்தில் தம்பிக்கு அவன் மஜ்ஜையை அழிக்கும் கீமோ மருந்துகளான புசல்ஃபானும் ஃப்ளூடராபினும் ஏறிக்கொண்டிருக்கின்றன. அவன் மஜ்ஜை இனித் தானாக எழாது. வீட்டில் யாராவது தும்மினாலே ஒதுங்கிவிடுகிறேன்.

மார்ச் 22

செல் எடுக்க என்னைக் காலையிலேயே படுக்கவைத்துவிட்டார்கள். ஒரு கையிலிருந்து ரத்தம் வெளியே, இயந்திரம் வழியாக, மறு கையில் உள்ளே. உடம்பில் ஓடும் மொத்த ரத்தமும் இரண்டு மூன்று தடவை அதில் சுற்றிவருமாம். ஊசி இருக்கும் கையை மடக்கக் கூடாது. மூக்கு அரித்தால்கூட நர்ஸைத்தான் கூப்பிட வேண்டும். கொஞ்ச நேரத்தில் உதட்டைச் சுற்றி மதமதவென்று வந்தது. ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட், கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் வருவது. கால்சியம் கொடுத்ததும் சரியாகிவிட்டது.

தேவை, அவன் எடையில் கிலோவுக்கு 50 லட்சம் சி.டி.34 செல்கள் (ஸ்டெம் செல்களை இந்த அடையாளத்தை வைத்துத்தான் எண்ணுகிறார்கள்). கிடைத்தது 62 லட்சம். எண்ணைக் கேட்டதும் அழுதுவிட்டேன்.

என் ரத்தப் பிரிவு ஓ, அவனுடையது பி. அதனால் பிளாஸ்மாவைக் குறைத்துவிட்டு ஏற்றினார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். சின்னப் பை, அடர்சிவப்பு. அறுவை சிகிச்சை எதுவும் இல்லை. நெஞ்சில் போட்டிருந்த குழாய் வழியாகச் சாதாரண ரத்தம் போலவே இறங்கியது. மஜ்ஜைக்குப் போகும் வழியைச் செல்கள் தாமே கண்டுபிடித்துக்கொள்ளும். மஜ்ஜை சுரக்கும் ஒரு வேதிப்பொருள் அவற்றை இழுக்கிறது. உள்ளேயிருந்து போன் செய்தான்: "அக்கா, நீ போய்ப் படு." நாள் முழுக்க அவன் பேசியது அவ்வளவுதான்.

மார்ச் 30

வாயெல்லாம் புண். எச்சில் விழுங்க முடியவில்லை, மார்ஃபின் ஓடுகிறது. வெள்ளை அணு பூஜ்யம். பிளேட்லெட் ஏற்றினார்கள், கதிர்வீச்சுக்கு உட்படுத்திய பிறகுதான் இவனுக்கு எந்த ரத்தமும்.

தூக்கம் வராமல் பழைய வரலாறு படித்தேன். 1957-இல் அமெரிக்க டாக்டர் டோனல் தாமஸ் ஆறு பேருக்கு மஜ்ஜை ஏற்றியதை எழுதினார். ஒருவர்கூட நூறு நாள் தாண்டவில்லை. பிரெஞ்சு டாக்டர் ழான் தோசே முதல் ஹெச்.எல்.ஏ.வைக் கண்டுபிடித்ததே அடுத்த வருஷம்தான். பொருத்தம் பார்க்க வழியில்லாத காலத்தில் ஆரம்பித்து, விடாமல் போராடி, 1990-இல் நோபல் வாங்கினார் தாமஸ். அந்த ஆறு பேரையும் நினைத்துக்கொண்டேன். அவர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

ஏப்ரல் 7

நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணு தொடர்ந்து மூன்றாவது நாளாக 500-க்கு மேல். செல்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன!

ஏப்ரல் 19

உள்ளங்கை, உள்ளங்கால், காது மடலுக்குப் பின்னால் சிவப்புத் தடிப்பு. ஜி.வி.ஹெச்.டி. என் டி-செல்கள் (எதிர்ப்பு சக்தி தரும் வெள்ளை அணுக்கள்) அவன் தோலை அந்நியம் என்று தாக்குகின்றன. அவற்றை அடக்கும் சைக்ளோஸ்போரின் மருந்து கொடுத்தும் வந்திருக்கிறது. எரிகிறதா என்று கேட்டால் "கொஞ்சம்" என்கிறான். கையை விரித்துக் காட்டினான். வெந்நீர் பட்ட கை மாதிரி இருந்தது. நான் கொடுத்ததுதானே இவனை இப்படிச் செய்கிறது என்று மனசு ஆறவே இல்லை.

டாக்டர் உட்காரவைத்துப் பேசினார். தோலைத் தாக்கும் இதே சக்திதான் லுக்கேமியா செல்லையும் தேடி அழிக்கிறது. இரண்டையும் முழுசாகப் பிரிக்க இன்னும் யாருக்கும் முடியவில்லை. அச்சில் வார்த்த ஒரே மாதிரி இரட்டையரிடமிருந்து செல் வாங்கினால் இந்தத் தாக்குதல் பெரும்பாலும் வராது, ஆனால் நோய் திரும்புவது அதிகம். டி-செல்களை வடிகட்டிக் கொடுத்துப் பார்த்தபோதும் அப்படித்தானாம். "லேசாக வந்தால் நாங்கள் பயப்பட மாட்டோம். குடலுக்கும் கல்லீரலுக்கும் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் வேலை" என்றார். இப்போதைக்கு ஸ்டீராய்டு களிம்பு. வயிற்றுப்போக்கு வருகிறதா, கண் மஞ்சளாகிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

இதையெல்லாம் முன்கூட்டியே வீட்டாருக்கு இவ்வளவு விளக்கமாகச் சொல்ல வேண்டும். காகிதத்தில் பக்கவிளைவு வரிசையில் ஒன்றாகப் போட்டால் போதாது. கொடுத்தவருக்கு இது வேறு மாதிரி வலிக்கும்.

ஜூன் 30

நூறாவது நாள். தடிப்பு மே மாதமே வடிந்துவிட்டது. குடல், கல்லீரல் இரண்டும் தப்பின. மஜ்ஜைப் பரிசோதனையில் நோய் தென்படவில்லை. கைமெரிசம் (அவன் ரத்தத்தில் என் செல்களின் பங்கு) 100 சதவீதம்: அவன் ரத்தத்தில் ஓடும் வெள்ளை அணுக்கள் எல்லாமே இரண்டு எக்ஸ் குரோமோசோம் உள்ளவை. ரத்தப் பிரிவும் ஓ-வுக்கு மாறிக்கொண்டிருக்கிறது. "இனி என்னைத் திட்டினால் உன்னையே திட்டிக்கிற மாதிரி" என்றான். எத்தனை நாளைக்குப் பிறகு சத்தமாகச் சிரித்தான்!

நாள்பட்ட ஜி.வி.ஹெச்.டி. இனியும் வரலாம், கண் வறட்சி, வாய் வறட்சியைக் கவனிக்க வேண்டும். குழந்தையில் போட்ட தடுப்பூசிகள் பெரும்பாலும் மறுபடி போட வேண்டும். பழைய எதிர்ப்பு சக்தியை இனி நம்ப முடியாது. சைக்ளோஸ்போரினை அடுத்த வாரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறார்கள். ஒவ்வொரு முறை குறைக்கும்போதும் தோலையும் கல்லீரல் கணக்கையும் பார்த்து இங்கே எழுதுகிறேன்.