50 ஜிபி எங்கே போனது? மூன்று மாதத் தேடலும் மூன்று தடவை அலைச்சலும்

மூன்று மாதமாக, 17ஆம் திகதியை ஒட்டி எங்கள் வீட்டு இணையம் ஊரத் தொடங்கிவிடும். கொழும்பு வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி ஃபிளாட். நான், கணவர், உயர்தரம் படிக்கும் மகள், அம்மா. பக்கேஜ் பகலுக்கு 50 ஜிபி, இரவு 12 மணியிலிருந்து காலை 7 மணி வரைக்கும் 70 ஜிபி. இரவுப் பங்கு மாதக் கடைசியில் தொடாமலே கிடக்கும். பகல் பங்கு பாதி மாதத்தில் காலி. மகளுக்கு வகுப்பு இருக்கிறதே என்று மேலதிக டேட்டா வாங்குவோம், அதுவும் ஒரு கிழமைக்கு மேல் தாங்காது.

இணைய நிறுவனத்தின் ஹொட்லைனுக்கு எடுத்தால் ஒரே பதில்தான்: "உங்கட வீட்டிலதான் பாவிச்சிருக்கிறீங்க மிஸ்." சரி தம்பி, எந்த நாளில் எவ்வளவு போனது என்று சொல்லுங்கள் என்றால், அதைத் தொலைபேசியில் சொல்ல முடியாது, கிளைக்குப் போகவேண்டும். அவர்களுடைய செயலியில் மிச்சம் எவ்வளவு என்ற ஒரு இலக்கம் மட்டும்தான் தெரியும்.

கிளைக்குப் போவதற்கு முன் நாங்களே பார்ப்போம் என்று தொடங்கினேன். விண்டோஸில் செட்டிங்ஸுக்குள் நெட்வேர்க் பகுதியில் 'டேட்டா யூசேஜ்' என்று ஒன்று இருக்கிறது. கடந்த 30 நாளில் எந்த மென்பொருள் எவ்வளவு எடுத்தது என்று வரிசையாகக் காட்டும். திறந்து பார்த்தேன். எல்லாம் சேர்த்து 300 எம்பி கூட இல்லை. அப்படியென்றால் கணினி இல்லை, போன்கள்தான் என்று முடிவுகட்டிவிட்டேன்.

அந்த முடிவின் பாரம் அம்மா மேல் விழுந்தது. அம்மா மத்தியானத்தில் போனில் கோயில் திருவிழாக் காணொளிகள் பார்ப்பா. "அம்மா, கொஞ்சம் குறைச்சுப் பாருங்கோவன், டேட்டா முடியுது" என்று சொன்னேன். அவ ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாளிலிருந்து போனைத் தொடவே இல்லை. அந்த மாதமும் 18ஆம் திகதி டேட்டா முடிந்தது. அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு உறுத்துகிறது.

நான் விட்ட பிழை இதுதான். எங்கள் கணினி ரவுட்டரோடு கேபிளில் இணைந்திருக்கிறது. நான் பார்த்த பக்கம் வைஃபைக்குரிய கணக்கு. அந்தப் பக்கத்தின் மேலேயே எந்த இணைப்பு என்று தெரிவுசெய்யும் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. வைஃபைக்கு வேறு கணக்கு, ஈதர்நெட் என்கிற கேபிள் இணைப்புக்கு வேறு கணக்கு. இரண்டையும் பார்க்காமல் கணினி நல்ல பிள்ளை என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள், வீட்டில் யாரையும் குறை சொல்லவும் வேண்டாம்.

அடுத்ததாக ரவுட்டர். பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்து உள்ளே போனால் வந்த பைட், போன பைட் இரண்டையும் காட்டும். முழு வீட்டுக்கும் சேர்த்த கணக்கு என்பதால் இதுதான் சரியான இடம் என்று நம்பினேன். ஒரு கொப்பி போட்டுக் காலையும் இரவும் எழுதத் தொடங்கினேன். முதல் மூன்று நாள் எழுதியது வீண், ஏனென்றால் கணவர் படுக்கப் போகும்போது ரவுட்டர் சுவிட்சை நிற்பாட்டிவிடுவார். நின்று எழும்பினால் எண்ணிக்கை பூச்சியத்திலிருந்து தொடங்கும். கரண்ட் போனாலும் அதே கதை. நிற்பாட்ட வேண்டாம் என்று சொல்லி மறுபடி தொடங்கினேன். ஒரு நாள் இரவு 3.8 ஜிபி என்று எழுதினேன். விடிந்து பார்த்தால் 0.4. கரண்ட் போகவில்லை, யாரும் தொடவும் இல்லை. பல பழைய, மலிவான ரவுட்டர்கள் 32 பிட்டில் எண்ணுகின்றன, 4,294,967,296 பைட் ஆனதும் மறுபடி பூச்சியத்துக்கு வந்துவிடும் என்பது பிறகுதான் விளங்கியது. அதாவது 4 ஜிபிக்கு ஒருமுறை சுற்றும். ரவுட்டர் நிற்காமலே உங்கள் கொப்பியில் எண் திடீரென்று குறைந்தால், அதோடு ஒரு 4 ஜிபியைக் கூட்டிப் பாருங்கள். எனக்கு அப்போது அது தெரியாததால் இரண்டு கிழமைக் குறிப்பை நம்பமுடியாமல் போனது.

இனிக் கிளைதான் வழி. நாளுக்கு நாள் கணக்கு ஒரு தாளில் வேண்டும், அவ்வளவுதான் என் தேவை.

முதல் தடவை டோக்கன் எடுத்து ஒன்றேகால் மணித்தியாலம் இருந்தேன். கவுன்டரில் இருந்த தம்பி பெயரைப் பார்த்தார். லைன் எங்கள் பெயரில் இல்லை, வீட்டுக்கார அண்ணையின் பெயரில். அவர் டொரொன்டோவில். "அக்கவுன்ட் ஆள் வரவேணும். இல்லாட்டி அவருடைய கடிதமும் அடையாள அட்டைப் பிரதியும் கொண்டு வாங்க." ஐந்து வருடமாகப் பில் கட்டுகிறவர்கள் நாங்கள், ரசீதெல்லாம் கையில் இருக்கிறது என்றேன். ரசீது கணக்கில் வராது என்றார். வாடகை வீட்டில் இருக்கிறவர்கள் இதை முதலே கவனியுங்கள். லைன் யார் பெயரில் என்று பாருங்கள், அவரிடம் ஒரு அனுமதிக் கடிதத்தை வாங்கிக் கோப்பில் வைத்துவிடுங்கள். தேவை வரும் நாளில் ஓடித் திரிய முடியாது.

அண்ணை நல்ல மனுசன். கடிதத்தில் கையொப்பமிட்டு, அட்டையின் இரண்டு பக்கத்தையும் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினார். அச்செடுத்துக்கொண்டு இரண்டாவது தடவை போனேன். வேலையில் அரை நாள் லீவு. இந்தத் தடவை வேறொருவர். இலக்கத்தைத் தட்டினார், தலையை ஆட்டினார். "இது பொருந்தேல்ல." லைன் எடுத்த காலத்தில் அண்ணையிடம் இருந்தது பழைய அட்டை, ஒன்பது இலக்கமும் கடைசியில் ஒரு வீ எழுத்தும். இப்போது இருப்பது புது அட்டை, 12 இலக்கம். சிஸ்டத்தில் பழையது, பிரதியில் புதியது. இரண்டும் ஒரே ஆளின் இலக்கம்தான் என்று சொல்லிப் பார்த்தேன். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார். கொழும்பு காலி வீதியில் வெயிலுக்குள் நின்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து இரண்டு இலக்கத்தையும் ஒரு தாளில் மேலும் கீழுமாக எழுதினேன். பழையதின் முன்னால் 19, ஐந்தாவது இலக்கத்துக்குப் பிறகு ஒரு பூச்சியம், கடைசி எழுத்தை எடுத்துவிட்டால் அப்படியே புதியது. பூச்சியத்தைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டேன். மூன்றாவது தடவை டோக்கன் எடுக்கும்போதே மேற்பார்வையாளரைப் பார்க்கவேண்டும் என்று கேட்டேன். வயதான ஒரு மிஸ் வந்தா. தாளை அரை நிமிடம் பார்த்தா. "ஓம், ஒரே ஆள்தான்." பத்து நிமிடத்தில் கணக்கு என் கையில். ஐந்து கிழமை காத்திருந்தது இந்தப் பத்து நிமிடத்துக்காக!

அந்த ஒரு தாள் எல்லாவற்றையும் காட்டிக் கொடுத்தது. மற்ற நாட்களில் ஒரு ஜிபி அளவு. திங்கள், செவ்வாய், வியாழன், சனி மட்டும் நாலரை ஜிபி. அதில் இறக்கியது (டவுன்லோட்) ஒரு நிரல், ஏற்றியது (அப்லோட்) இன்னொரு நிரல். அந்த நாலு நாளும் ஏற்றிய நிரலில் 2.3, 2.4 என்று நிற்கிறது. ஏற்றுவதும் டேட்டாவில் கழியும் என்பதை நான் யோசித்தே பார்த்ததில்லை. நாங்கள் எதை ஏற்றுகிறோம்?

அந்த நாலு நாளும் மகளின் சூம் வகுப்பு நாள், மாலை 6 முதல் 8 வரை. கணவர், அது சூம்தான் என்றார். ஆனால் மகள் கமராவை நிற்பாட்டித்தான் வகுப்பில் இருப்பாள், அவ்வளவு வெளியே போக வழியில்லை. மறுபடி விண்டோஸின் அந்தப் பக்கத்தைத் திறந்து ஈதர்நெட்டுக்கு மாற்றினேன். 60 ஜிபிக்கு மேல்! முதலாவதாக நின்ற பெயர் சூம் இல்லை. கணவர் தன் அலுவலகக் கணக்கில் உள்நுழைந்தபோது கணினிக்கு வந்துசேர்ந்த கிளவுட் சேமிப்பு மென்பொருள், அதாவது கோப்புகளை இணையத்தில் ஏற்றி வைப்பது.

வியாழக்கிழமை இரவு விண்டோஸோடு வரும் ரிசோர்ஸ் மொனிட்டரைத் திறந்து நெட்வேர்க் பக்கத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். டேட்டா யூசேஜ் பக்கம் வந்ததையும் போனதையும் ஒன்றாகக் கூட்டித்தான் சொல்லும். இது 'சென்ட்' என்று போவதைத் தனி நிரலில், அந்த நேரத்திலேயே காட்டும். 8 மணி வரை அந்த மென்பொருளுக்கு நேரே சின்னச் சின்ன எண்கள். மகள் வகுப்பை முடித்து எழும்பினாள். இரண்டு நிமிடத்தில் அந்த எண் 480,000க்கு ஏறி அங்கேயே நின்றது. அது விநாடிக்கு இத்தனை பைட் என்ற கணக்கு. ஒன்றேகால் மணித்தியாலம் இறங்கவே இல்லை.

மகள் ஒவ்வொரு வகுப்பையும் திரையில் பதிவுசெய்து வைப்பாள், மீட்டிப் படிக்க. இலகுவாக எடுக்கலாமென்று டெஸ்க்டொப்பிலேயே போடுவாள். ஒரு வகுப்பு 2.2 ஜிபி. கிளவுட் மென்பொருள் டெஸ்க்டொப் முழுவதையும் காப்புப் பிரதி எடுக்கும்படி இருந்திருக்கிறது. வகுப்பு முடிந்து கோப்பு விழுந்த உடனே, பகல் டேட்டாவில், அதை மேலே அனுப்பியிருக்கிறது. பிள்ளையிலும் பிழையில்லை, அம்மாவிலும் பிழையில்லை.

திருத்தியது ஐந்து நிமிட வேலை. டெஸ்க்டொப் காப்பை நிற்பாட்டினோம், பதிவுகளுக்கு டி டிரைவில் ஒரு ஃபோல்டர். கேபிள் இணைப்பை 'மீட்டர்ட்', அதாவது அளவுக் கட்டுப்பாடு உள்ள இணைப்பு என்று குறித்தோம், இனி விண்டோஸின் பெரிய அப்டேட்டுகள் கேட்காமல் இறங்கமாட்டா. அதே டேட்டா யூசேஜ் பக்கத்தில் மாத எல்லையும் போட்டேன். அது எச்சரிக்கும், அவ்வளவுதான். போனும் டிவியும் எடுப்பது அதற்குத் தெரியாது என்பதை மறக்கவேண்டாம்.

கணக்குச் சரிபார்க்கிறவர்களுக்கு இன்னும் ஒன்று. விண்டோஸ் ஒரு ஜிபியை 1024ஆல் பெருக்கி எண்ணும். 1000ஆல் எண்ணுகிறவர்களின் 50 ஜிபி, விண்டோஸில் 46.5 என்றுதான் தெரியும். 7 வீதம் வரை வித்தியாசம் வந்தால் அதற்காகக் கிளைக்கு ஏறி இறங்காதீர்கள். வேகத்தைப் பார்க்கும்போதும் பிட்டா பைட்டா என்று பாருங்கள், ஒரு பைட் எட்டு பிட்.

அன்றிரவே அம்மாவிடம் போய், நான் பிழையாகச் சொல்லிவிட்டேன், நீங்கள் பாருங்கோ என்றேன். "நான் நினைச்சனான், நான்தானாக்கும் எண்டு" என்றா.

இன்று 28ஆம் திகதி. பகல் டேட்டாவில் 4 ஜிபி சொச்சம் மிச்சம் நிற்கிறது, மேலதிகமாக எதுவும் வாங்கவில்லை. லைனை எங்கள் பெயருக்கு மாற்றும் படிவம் அண்ணையின் கையொப்பத்துக்கு டொரொன்டோ போயிருக்கிறது. இந்தத் தடவை இரண்டு இலக்கத்தையும் எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.